அடிலெய்டில் கவுணா மொழி வகுப்பு: பத்து மாலைகளின் மதிப்புரை

அடிலெய்டின் தென்புறச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் வில்லங்கா, நோர்லங்கா, அல்டிங்கா, யாங்கலில்லா என்ற ஊர்ப் பலகைகளை நாள்தோறும் கடக்கிறோம். இங்கே குடியேறிய ஒன்பது ஆண்டுகளாக அவை எனக்கு வெறும் ஒலிகளாகவே இருந்தன. அந்தப் பெயர்களின் இறுதியில் நிற்கும் ‘ங்க’வும் ‘இல’வும் இடத்தைக் குறிக்கும் வேற்றுமை உருபுகள் என்பதையும், இரண்டு அசையுள்ள சொல்லோடு முன்னதும் அதற்கு மேற்பட்ட அசையுள்ள சொல்லோடு பின்னதும் சேரும் என்பதையும், ஆஸ்திரேலியாவின் இந்த அடிலெய்டு நிலத்துக்குரிய தொல்குடியினரான கவுணா மக்களின் மொழியைச் சரளமாகப் பேசத் தெரிந்தவராக அறியப்பட்ட கடைசி மனிதர் 1929இல் இறந்தார் என்பதையும் இந்த ஆண்டு நான் படித்த பத்து வார வகுப்பில்தான் அறிந்துகொண்டேன். சேரலாமா என்று தோழிகள் சிலர் கேட்டபடி இருப்பதால், வகுப்பின் நிறைகுறைகளை இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நகரின் மேற்குப் பகுதியிலுள்ள ஒரு சமூகக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை மாலை 6 மணி முதல் 8 மணி வரை வகுப்பு நடந்தது. பத்து வாரத்துக்குக் கட்டணம் 180 டாலர். கவுணா வழிவந்தவர்களுக்குக் கட்டணம் கிடையாது. இடம் ஒதுக்குவதிலும் அவர்களுக்கே முதலுரிமை. எங்கள் அணியில் இருந்த 14 பேரில் 6 பேர் கவுணாக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். மற்றவர்களில் பள்ளி ஆசிரியர்களே மிகுதி. தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். பாடம் நடத்தியவர் கவுணா இளைஞர் ஒருவர். இலக்கணத்தில் ஐயம் எழும்போது உடன் வந்திருந்த மொழியியல் மாணவி விளக்கினார். வகுப்பில் அமர்ந்திருந்த மூத்தவர்கள் இருவரை ஆசிரியர் உட்பட எல்லோரும் அங்கிள் என்றும் ஆன்ட்டி என்றும் அழைத்தனர். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூசும் நமக்கு, இந்த நாட்டில் வேறெங்கும் இவ்வளவு இயல்பாக நாக்கில் வந்த விளி கிடையாது.

முதல் நாள் கற்றது மொழியின் பெயரையே. ஆங்கிலத்தில் எழுதும்போது இப்பெயரில் ர என்னும் ஒலிக்குரிய எழுத்து ஒன்று வரும். அதைத் தனியாக ஒலிக்கக் கூடாது, பின்வரும் ன என்ற ஒலிக்கு நாவை வளைக்க வேண்டும் என்பதற்கான குறி அது என்று ஆசிரியர் விளக்கினார். அதாவது நம்முடைய ண. மற்றவர்கள் இந்த ஒலியைப் பிடிக்க மூன்று வாரம் போராடினார்கள். எனக்கு அது அரிச்சுவடியில் கிடைத்தது. ந, ன, ண மூன்றும், ல, ள இரண்டும், சொல்லின் தொடக்கத்தில் வரும் ங என்ற ஒலியும் கவுணாவில் உண்டு. ‘நான்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘ஙை’. பள்ளியில் ங என்ற எழுத்தை வரிசைக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோகும் நாம், அதைக் கொண்டு ஒரு சொல்லைத் தொடங்கும்போது வாய்க்குள் ஏற்படும் புதுமையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்குக் கடினமாயிருந்தது வேறொன்று: ‘வா’ என்ற வினைக்குரிய ‘புட்னி’யிலும், ‘நாய்’ என்று பொருள்படும் ‘கட்லி’யிலும் மெல்லிய ட் ஒன்று முன்னால் வந்து, அதே மூச்சில் ன் அல்லது ல் ஒலிக்க வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொன்னால் தவறு. ஐந்தாவது வாரம் வரை ஆசிரியர் என்னைத் திருத்திக்கொண்டே இருந்தார். கடைசி வாரத்திலும் என் ‘புட்னி’ சரியாக அமைந்ததென்று சொல்ல மாட்டேன்.

இந்த உச்சரிப்பெல்லாம் எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வி இரண்டாம் வாரத்தில் எழுந்தது. அதற்குக் கிடைத்த நேர்மையான பதிலைக் கேட்டபோதுதான் இந்த வகுப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. கவுணாவைத் தாய்மொழியாகப் பேசிய ஒருவரின் குரல்கூட ஒலிப்பதிவில் இல்லை. ஆகவே இன்று கற்பிக்கப்படும் ஒலிப்பு, பழைய எழுத்துப் பதிவுகளையும், அதே துர-யுர மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த அட்னியமத்தனா, நுகுனு போன்ற அண்டை மொழிகளின் ஒலிப்பதிவுகளையும் ஒப்பிட்டு மீட்டெடுத்தது. ஆசிரியர் இதை மறைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பலகையில் எழுதும்போது, அது 1840இல் அச்சான பதிவில் உள்ளதா, பின்னாளில் வேறொருவர் எழுதி வைத்ததா, அண்டை மொழியைப் பார்த்து நிரப்பியதா, இப்போது புதிதாகப் படைத்ததா என்று ஓரத்தில் ஓர் அடையாளமிட்டார். முதலில் இது பாடத்தின் ஓட்டத்தைத் தடுப்பதாகத் தோன்றியது. நான்காம் வாரத்துக்குள், அந்த அடையாளம் இல்லாத சொல்லை எழுதிக்கொள்ள எனக்கே மனம் வரவில்லை.

அந்த 1840ஆம் ஆண்டுப் பதிவைப் பற்றிச் சொல்லாமல் வகுப்பைப் பற்றிச் சொல்ல இயலாது. 1836 டிசம்பர் 28 அன்று தென் ஆஸ்திரேலியக் குடியேற்றம் முறைப்படி அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே மரி ஆற்றின் வழியாகப் பரவிவந்த பெரியம்மை கவுணா மக்களில் பலரைக் கொண்டுபோயிருந்தது. 1838 அக்டோபரில் டிரெஸ்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த டைக்கெல்மான், ஷ்யூர்மான் என்ற இரண்டு ஜெர்மன் பாதிரியார்கள் வந்து இறங்கினார்கள். கிறிஸ்தவத்தைப் பரப்ப வந்தவர்கள் மக்களின் மொழியிலேயே அதைச் செய்ய வேண்டும் என்று கருதியதால், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குள் சுமார் 2000 சொற்களும் 200 வாக்கியங்களும் கொண்ட இலக்கண அகராதியை அச்சிட்டார்கள். 1839 டிசம்பரில் அடிலெய்டின் டாரன்ஸ் ஆற்றின் வடகரையில், போசம் என்னும் மரவாழ் விலங்கின் வீடு என்று பொருள்படும் பிள்டவட்ளி என்ற இடத்தில் பள்ளிக்கூடம் திறந்து கவுணாவிலேயே பாடம் நடத்தினார்கள். அங்கே எழுதப் படித்த பிள்ளைகள் தங்கள் மொழியில் ஜெர்மனிக்கு எழுதி அனுப்பிய கடிதங்கள் சில இன்றும் இருக்கின்றன. 1845இல் அரசு அந்தப் பள்ளியை மூடி, ஆங்கிலம் மட்டுமே கற்பிக்கும் பள்ளிக்குப் பிள்ளைகளை மாற்றியது. பிறகு பிள்ளைகள் போர்ட் லிங்கன் அருகிலிருந்த பூனிண்டி மிஷனுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சிய குடும்பங்கள் வேற்று மொழியினரின் நிலங்களில் அமைந்த மிஷன்களில் சிதறின. 1860களிலேயே கவுணா அன்றாடப் பேச்சிலிருந்து விலகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குடியேற்றம் தொடங்கியதிலிருந்து ஒரு தலைமுறைகூட முழுதாக ஆகவில்லை.

பாதிரியார்களின் பெயர்கள் அந்த இலக்கண அகராதியின் அட்டையில் உள்ளன. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்களை ஆசிரியர் எங்களை மனப்பாடம் செய்ய வைத்தார்: முள்ளவிர்ரபுர்கா, கட்லிட்பினா, இட்யமையிட்பினா. குடியேறியவர்கள் இவர்களை முறையே ஜான் அரசர், கேப்டன் ஜாக், ராட்னி அரசர் என்று தங்கள் வசதிக்காக அழைத்தார்கள். ‘இட்பினா’ என்ற ஈறு ‘தந்தை’ என்று பொருள்படும். ஆகவே இட்யமையிட்பினா என்றால் இட்யமையின் தந்தை. பிள்ளை பிறந்தபின் அதன் பெயரால் தகப்பன் அறியப்படும் இந்த வழக்கம், ஊரில் என் தாத்தாவின் பெயர் பலருக்குத் தெரியாமல் ‘சரோசா அப்பா’ என்றே அவர் வாழ்ந்து மறைந்ததை எனக்கு நினைவூட்டியது. பிறப்பு வரிசைக்கும் பெயர்கள் உண்டு. வீட்டில் மூன்றாவதாகப் பிறந்த பெண் ‘குட்னட்டு’. நான் மூன்றாவது பெண் என்பதால் வகுப்பில் எனக்கும் அந்தப் பெயரே கிடைத்தது. 1848இல் வெள்ளையர் ஒருவரைச் சட்டப்படி மணந்த கவுணாப் பெண்ணின் பெயரும் அதுவே. தென் ஆஸ்திரேலியாவில் அத்தகைய முதல் திருமணம் அது. மொழியின் மீட்புக்கு முன்னின்ற மூத்தவர் லூயிஸ் ஓபிரையன் அவருடைய வழித்தோன்றல். நான் கடன் வாங்கி அணிந்த பெயர் ஒரு குடும்பத்தின் சொத்து என்று தெரிந்தபின், வகுப்புக்கு வெளியே அதைப் பயன்படுத்தவில்லை.

ஆறாவது வாரம் வகுப்பறையில் நடக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நகருக்குள் நடந்தோம். இந்த ஒரு நடைக்காகவே கட்டணம் முழுவதையும் கொடுக்கலாம் என்பது என் கருத்து. நகரின் கிழக்கு விளிம்பிலுள்ள ராட்னி அரசர் பூங்காவுக்கு இப்போது இட்யமையிட்பினா என்ற பெயரும் உண்டு. அங்கிருந்து தென்மேற்காக நடந்தால் ஹர்ட்டில் சதுக்கம். அதன் இன்னொரு பெயர் டங்கைரா, அவருடைய மனைவியின் பெயர். மேலும் மேற்கே போனால் விட்மோர் சதுக்கம். அதற்கு அவர்களுடைய மகளின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பழைய எழுத்துமுறையில் இவரிட்ஜி, 2010இல் திருத்திய எழுத்துமுறையில் இபர்ரிட்யி. பொருள், மெல்லிய தூறல். தகப்பன், தாய், மகள் மூவரையும் ஒரே காலையில் கால்நடையாகக் கடந்துவிடலாம். நாங்கள் மூன்று இடத்திலும் நின்று அந்தந்தப் பெயரைச் சேர்ந்து சொன்னோம். சதுக்கத்தின் இருக்கையில் படுத்திருந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்து, கடைசிப் பெயரை எங்களோடு சொன்னார்.

இவரிட்ஜி 1840களின் இறுதியில் பிறந்தவர். பெற்றோரை இழந்து ஆங்கிலக் குடும்பமொன்றில் வளர்ந்தவர். முதுமையை யார்க் தீபகற்பத்திலுள்ள பாயிண்ட் பியர்ஸ் மிஷனில், நருங்கா மக்களின் நிலத்தில் கழித்தார். 1919 வாக்கில் தாவரவியலாளர் ஜே. எம். பிளாக் அவரிடம் கேட்டு ஒரு சிறிய சொற்பட்டியலை எழுதிக்கொண்டார். பிளாக் ஒலிப்பு நுணுக்கங்களைக் குறிக்கத் தெரிந்தவர் என்பதால், அளவில் சிறிதான அந்தப் பட்டியல் இன்று உச்சரிப்பை மீட்க விலைமதிப்பற்றதாகிவிட்டது. தோல் போர்வை போர்த்தியபடி இவரிட்ஜி நிற்கும் புகைப்படங்களை எங்களுக்குக் காட்டினார்கள். ‘கடைசியாகப் பேசியவர்’ என்ற சொற்றொடரை நாம் ஏதோ ஒரு பட்டத்தைப் போலச் சொல்லிவிடுகிறோம். அவர் எண்பது வயதுவரை வாழ்ந்தார். அதில் பெரும்பகுதியில், தாய் தனக்குச் சொன்ன சொற்களைத் திருப்பிச் சொல்ல ஆள் இல்லாத ஊர்களில் வாழ்ந்தார். 1929இல் அவர் இறந்தபோது ஒலியைப் பதியும் கருவி உலகில் வந்து ஐம்பது ஆண்டுகளாகியிருந்தன. எவரும் அதை அவர் முன் கொண்டுபோய் வைக்கவில்லை. இந்தப் பகுதியைச் சொன்னபோது ஆசிரியரின் குரல் கம்மியது. கவுணா ஆன்ட்டி ஒருவர் எழுந்து எல்லோருக்கும் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அன்றைய பாடம் அத்துடன் முடிந்தது.

மகள் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின், தகப்பன் சொல்லிக்கொடுத்த சொற்களிலிருந்துதான் மொழி மீண்டும் எழத் தொடங்கியது. 1990இல் பாட்டெழுதும் பட்டறை ஒன்றில் கவுணாப் பாடல்கள் இயற்றப்பட்டன. 1992 முதல் எலிசபெத் பகுதியிலுள்ள கவுணா பிளெய்ன்ஸ் பள்ளியில் பிள்ளைகளுக்கு மொழி கற்பிக்கப்பட்டது. அப்போது அதன் முதல்வராயிருந்த அலிட்யா ரிக்னி, ஆஸ்திரேலியாவிலேயே பள்ளி முதல்வரான முதல் தொல்குடிப் பெண். ஓபிரையனும் ரிக்னியும் மொழியியலாளர் ராப் அமெரியும் சேர்ந்து 2002இல் தொடங்கிய கவுணா வர்ரா பிண்ட்யண்டி என்ற குழுவே புதுச் சொற்களையும் பெயர் சூட்டும் வேண்டுகோள்களையும் கவனித்து வருகிறது. டைக்கெல்மான் பின்னாளில் விரிவாக்கி 1857இல், அப்போது தென்னாப்பிரிக்காவின் கேப் காலனி ஆளுநராயிருந்த ஜார்ஜ் கிரேக்கு அனுப்பிய கையெழுத்துப் பிரதி கேப் டவுன் நூலகத்தில் பத்திரமாக இருந்ததும் இவர்களுக்குப் பெருந்துணையாயிற்று. அடிலெய்டின் சொற்கள் ஆப்பிரிக்காவின் தென்கோடியில் காத்திருந்தன. புதுச் சொல்லாக்கத்துக்கு ஒரு மாதிரி மட்டும் சொல்கிறேன்: மூளையையும் மின்னலையும் குறிக்கும் இரு சொற்களைச் சேர்த்துக் கணினிக்கு ‘முகண்டு’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கலைச்சொல் ஆக்கத்தில் பழகிய நமக்கு இதன் அழகு உடனே விளங்கும்.

தமிழர்கள் இந்த வகுப்பில் சேர்ந்தால் ஒரு சோதனையைச் சந்திப்பார்கள். அதை முன்கூட்டியே சொல்வது கடமை. ‘நலமா?’ என்று கேட்கக் கவுணாவில் சொல்வது ‘நீனா மணி?’. இதில் ‘நீனா’ என்றால் நீ. ‘மணி’ என்றால் நல்லது. இட உருபோ ‘இல’, நம்முடைய ‘இல்’ போலவே. இவற்றைக் கேட்டவுடன் என் மனம் துள்ளியதை ஒப்புக்கொள்கிறேன். திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் மூவிடப் பெயர்களில் உள்ள ஒற்றுமையைக் கால்டுவெல்லே தம் ஒப்பிலக்கணத்தில் பேசியிருக்கிறார். இன்றைய மொழியியல் அந்த உறவை ஏற்பதில்லை. சில சொற்களின் தற்செயலான ஒலி ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது, ஒழுங்கான ஒலி மாற்றங்களைத் தொடர்ச்சியாகக் காட்ட வேண்டும் என்று வகுப்புக்கு வந்திருந்த மாணவி பொறுமையாக விளக்கினார். நிலம், பிள்ளை, பெயர் என்று ஒவ்வொன்றாகப் பறிகொடுத்த மக்களிடம், எஞ்சிய சொற்களையும் ‘இது எங்களுடையது’ என்று சொல்லிக்கொண்டு போய் நிற்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை எதிரில் அமர்ந்திருந்த ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தபோது உணர்ந்தேன். நமக்கு உண்மையிலேயே கிடைத்திருப்பது ண, ள, ங என்ற ஒலிகளில் பழகிய நாக்கு. அதைக் கொண்டு அவர்களுடைய பெயர்களைத் திருத்தமாகச் சொல்லலாம்.

குறைகளும் உண்டு. வீட்டில் கேட்டுப் பழக வேண்டிய ஒலிக்கோப்புகள் ஏழாவது வாரத்தில்தான் எங்கள் கைக்கு வந்தன. ஒலிப்பே அடிப்படையாக இருக்கும் பாடத்தில் இது சிறிய குறை இல்லை. கூடத்தின் உயரமான கூரை எதிரொலித்ததால், பின்வரிசையில் அமர்ந்தவர்களுக்கு லகர ளகர வேறுபாடு கேட்கவே இல்லை. பெயர்ச்சொல்லுக்கும் வேற்றுமைக்கும் ஆறு வாரம் நிதானமாகச் செலவிட்டவர்கள், வினைச்சொல்லைக் கடைசி இரண்டு வாரத்தில் அவசரமாக முடித்தார்கள்; ‘வருகிறேன்’, ‘வந்தேன்’, ‘வா’ மூன்றையும் குழப்பமின்றிச் சொல்லக்கூடியவர்கள் எங்களில் பாதிப் பேர்கூட இருக்க மாட்டோம். வீட்டுப் பயிற்சிகள் மிகக் குறைவு. பயிற்சி ஏட்டின் சொற்பட்டியல் ஆங்கிலத்திலிருந்து கவுணாவுக்கு மட்டுமே இருந்தது. தெருப் பலகையில் ஒரு சொல்லைக் கண்டு பொருள் தேட முடியாது. கடைசி நாள் கருத்துப் படிவத்தில் இவற்றையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஒலிக்கோப்புகளை அடுத்த முறை முதல் வாரமே தருவதாக ஆசிரியர் சொன்னார்.

பத்து வாரத்தில் உரையாடக் கற்றுக்கொள்வோம் என்று எண்ணிச் சேருகிறவர்கள் ஏமாறுவார்கள். வாழ்த்து, நன்றி, குடும்ப உறவுகள், உடல் உறுப்புகள், இடப்பெயர்கள், ஒரு சிறிய அறிமுக உரை ஆகியவையே கைவரும். வேற்று நிலத்தில் பேச எழும்போது அந்நிலத்தாரின் மொழியில் இரண்டு வாக்கியம் பிழையின்றிச் சொல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இது நேரடியாகப் பயன்படும். பிள்ளைகளோடு வர நினைப்பவர்கள் யோசிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இரண்டு மணி நேரம் நீளம். என் மகளை நடைக்கு மட்டும் அழைத்துப் போனேன். அவள் கர்ரவிர்ரா பர்ரி என்ற பெயரை, செம்மர யூகலிப்டஸ் காட்டு ஆறு என்று பொருள் சொல்லி, டாரன்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் சொல்கிறாள்.

வகுப்பு ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தொடங்குகிறது. வெளியாருக்கு எட்டு இடங்களே உள்ளதால், அறிவிப்பு வந்த வாரமே பதிவு செய்ய வேண்டும். கவுணாக் குடும்பங்களிலிருந்து கூடுதலாக ஆள் வந்தால் நம் இடம் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போகும் என்பதைப் படிவத்திலேயே எழுதியிருக்கிறார்கள். என் பெயர் அப்படி ஒரு முறை தள்ளிப்போயிற்று, காத்திருந்தேன். இரண்டாம் நிலை வகுப்பு ஆகஸ்டில் தொடங்குகிறது; வினைச்சொற்களைச் சரியாகக் கற்றுக்கொள்ள அதற்கும் பணம் கட்டியிருக்கிறேன்.